சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்

‘காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.’ லைப்போசக்‌ஷன் என்கிற கொழுப்பு உறிஞ்சும் அறுவையைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் வாக்கியம் இதுதான். கிளினிக் வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண் சொல்கிறார், போய்வந்த தோழி சொல்கிறாள், இன்ஸ்டாகிராமில் வெள்ளைக் கோட்டு மாட்டியவர் சொல்கிறார். வாக்கியத்தில் பொய் இல்லை. பெரும்பாலானவர்கள் அன்று மாலையே வீடு திரும்பிவிடுகிறார்கள். கேட்பவர் அதிலிருந்து தானாக எடுத்துக்கொள்கிற முடிவுதான் பொய். வீட்டுக்கு வந்தாயிற்று என்றால் விஷயம் முடிந்தது, வெள்ளிக்கிழமை செய்துகொண்டால் திங்கட்கிழமை ஆபீஸ் போகலாம் என்கிற அந்த முடிவோடுதான் எனக்குச் சண்டை.

இந்த நம்பிக்கை தழும்பின் அளவிலிருந்து பிறக்கிறது. சிசேரியன் ஆனவளின் வயிற்றில் நாலைந்து அங்குலக் கீறலைப் பார்த்ததுமே மாமியார்கூட ‘பாரம் தூக்காதேம்மா’ என்கிறார். லைப்போசக்‌ஷனிலோ மூன்று, நான்கு மில்லிமீட்டர் துளைகள் சில. ஒரு தையல், சில சமயம் அதுவும் கிடையாது. புண் சின்னது, ஆகவே அறுவையும் சின்னது என்று கண் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. தேங்காயின் ஒற்றைக் கண்ணைத் துளைத்து அதன் வழியே முழுப் பருப்பையும் சுரண்டி எடுத்தால், ஓட்டில் தெரியும் துளையை வைத்தா உள்ளே நடந்ததை அளப்போம்? அந்தத் துளை வழியாக நுழையும் கேனுலா என்ற உலோகக் குழாய், தோலுக்கும் தசைக்கும் நடுவே நூற்றுக்கணக்கான முறை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. கொழுப்போடு நுண்ணிய ரத்த நாளங்களும் நிணநீர்க் குழாய்களும் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு இழைகளும் அறுபடுகின்றன. வயிறும் இடுப்பும் சேர்த்துச் செய்துகொண்டவரின் உடம்புக்குள் இருப்பது, வயிற்றையும் இடுப்பையும் சுற்றி வளைத்த ஒரே புண். வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

கருவிகள் மேம்பட்டுவிட்டனவே என்பார்கள். மேம்பட்டிருக்கின்றன, மறுக்கவில்லை. 1920களில் பாரிஸில் சார்ல்ஸ் துஜாரியே என்ற அறுவை மருத்துவர், கருப்பையைச் சுரண்டப் பயன்படும் கருவியால் ஒரு நடனப் பெண்ணின் கால்களை மெலியவைக்கப் பார்த்தார். கால் அழுகிப்போய், காலையே எடுக்க வேண்டியதாயிற்று. 1970களின் நடுவில் ரோமில் ஃபிஷர் என்ற தந்தையும் மகனும் உறிஞ்சு கருவியைக் கொண்டுவந்தார்கள். 1977இல் பாரிஸில் இலூஸ் என்ற மருத்துவர் முனை மழுங்கிய குழாயைப் புகுத்தினார். 1987இல் கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன், லிடோகெய்ன் மரப்பு மருந்தையும் அட்ரினலினையும் உப்புநீரில் மிக நீர்க்கக் கலந்து கொழுப்புக்குள் செலுத்தும் முறையை எழுதி வெளியிட்டார். ரத்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. முழு மயக்கம் இல்லாமலே செய்யவும் முடிந்தது. இத்தனையும் அறுவை அரங்குக்குள் நடந்த முன்னேற்றம். அறுபட்ட நிணநீர்க் குழாய் மறுபடி வழி கண்டுபிடிக்க எடுக்கும் காலத்தை யாரும் குறைக்கவில்லை. இப்போது லேசர் என்றும் அல்ட்ராசவுண்ட் என்றும் பெயர் சேர்த்து, ‘சீக்கிரம் ஆறிவிடும்’ என்று விற்கிறார்கள். வெப்பம் உண்டாக்கும் கருவி, கை தவறினால் தோலை உள்ளிருந்தே சுட்டுவிடும் என்பது அந்த விளம்பரத்தில் இருக்காது.

கிளைனின் கரைசலிலேயே, சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. அட்ரினலின் கலந்த லிடோகெய்னை வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம் வரைதான் கொடுப்பார்கள். கிளைன் முறையில் 35 வரை, பிற்பாடு 55 வரைகூட ஏற்றுக்கொள்ளப்பட்டது. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு 490 மில்லிகிராம் போடுகிற இடத்தில் 2,450. கொழுப்பிலிருந்து மருந்து மெல்ல மெல்லக் கசிவதால்தான் உடம்பு இதைத் தாங்குகிறது. ஆனால் மெல்லக் கசிகிற மருந்து ரத்தத்தில் உச்சத்தைத் தொடுவதும் மெல்லத்தான், ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்து. காலை பத்து மணிக்குப் போட்டால் இரவு பத்துக்கு. அப்போது பக்கத்தில் நர்ஸ் இல்லை. அரைத் தூக்கத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும் கணவர் இருக்கிறார். உதடும் நாக்கும் மரக்கிறது, காதில் ரீங்காரம் கேட்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது அசதி இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறி என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? டிஸ்சார்ஜ் காகிதத்தின் ஏதோ ஒரு வரியில் ஆங்கிலத்தில் இருக்கலாம்.

அடுத்த நாட்களையும் சொல்லிவிடுகிறேன், விளம்பரத்தின் ‘முன்’ படத்துக்கும் ‘பின்’ படத்துக்கும் நடுவே விழுங்கப்படுவது அவைதானே. முதல் ஒன்றிரண்டு நாள் துளைகள் வழியே இளஞ்சிவப்பு நீர் கசிந்துகொண்டே இருக்கும். மெத்தை நனையும், பார்க்கிற அம்மா ரத்தப்போக்கு என்று அலறுவார். பெரும்பகுதி உள்ளே செலுத்திய கரைசல்தான், வெளியே வருவது நல்லதும்கூட. இதை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் ஒரு ரப்பர் ஷீட்டோடு போயிருக்கும். வீக்கம் அன்றைக்கே உச்சம் தொடாது. மூன்றாம், நான்காம் நாள்தான் பெருக்கும். எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்றால் அறுவைக்கு முன் இருந்ததைவிட ஒரு கிலோ கூடுதலாகக் காட்டும், அழுகை வரும். வயிற்றில் எடுத்தவர்களுக்கு நீரும் ரத்தக்கட்டும் கீழே இறங்கித் தொடையும் பிறப்புறுப்பும் நீலம்பாரித்து வீங்கும். இதைக் கூச்சத்தால் மருத்துவரும் சொல்வதில்லை, நோயாளியும் கேட்பதில்லை; நாலாம் நாள் குளியலறையில் தன்னைத்தானே பார்த்துத் திடுக்கிடுகிறார்கள்.

பிறகு, எடுத்த இடத்தை அழுத்திப் பிடிக்கும் இறுக்க உடை. குளிக்கும் நேரம் தவிர இரவும் பகலும் சில வாரங்கள், மொத்தத்தில் ஆறு வாரம் வரையிலும்கூடப் போட்டிருக்கச் சொல்வார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பழைய புடவையால் வயிற்றைக் கட்டிவிடுவது நம் வீடுகளில் உண்டு. அதைப் போலத்தானே என்று நினைத்தால் அதைவிடப் பல மடங்கு இறுக்கம். சென்னையின் மே மாதத்தில் இதை மாட்டிக்கொண்டு மின்சார ரயிலில் தாம்பரம் போய்வருகிற ‘திங்கட்கிழமை ஆபீஸ்’ எப்படி இருக்கும் என்று, அதைச் சுலபம் என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் போட்டுப் பார்க்கலாம். முதன்முறை அதைக் கழற்றும்போது ரத்த ஓட்டம் சட்டென்று மாறித் தலைசுற்றும். குளியலறையில் தனியாக நின்றபடி கழற்றி மயங்கி விழுந்தவர்கள் உண்டு. உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு கழற்ற வேண்டும். இவ்வளவு சின்ன விஷயம், ஒரு மண்டை உடைவதைத் தடுக்கும்.

‘ஒன்றுமில்லாத அறுவை’ என்று நம்பிப் போனவரை, மூன்றாம் நாள் வீக்கத்தைக் கண்டதும் வீட்டார் அப்படியே நேர்மாறாக நடத்தத் தொடங்குகிறார்கள். ‘அசையாதே, படு.’ கட்டிலுக்கே சாப்பாடு, கட்டிலுக்கே காபி. அன்புதான்; ஆபத்தான அன்பு. கால் அசையாமல் கிடந்தால் ஆழ்நாளங்களில் ரத்தம் உறையும், அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிர் போகும். அறுவையான அன்றே, வலித்தாலும், வீட்டுக்குள் நாலு நடை நடக்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், நேரம் எதுவானாலும் ஆஸ்பத்திரி. இன்னொன்று, ஒத்தடம். நரம்பு இழைகள் அறுபட்ட தோல் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் மரத்திருக்கும். அதன்மேல் வெந்நீர்ப் பை வைத்தால் சூடு தெரியாது, கொப்புளம்தான் தெரியும். சுளுக்கு எடுக்கும் பாட்டியின் கைக்கும் முதல் வாரங்களில் அங்கே வேலை இல்லை.

‘லேசான வேலை செய்யலாம்’ என்று மருத்துவர் எழுதித் தருகிற வரியைப் படித்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. லேசான வேலை என்றால் அவர் மனதில் கம்ப்யூட்டர் முன் உட்காருவது. வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அது தண்ணீர்க் குடம், குக்கர், மாவு அரைத்த பாத்திரம், இடுப்பில் ஏறத் துடிக்கும் இரண்டு வயதுப் பிள்ளை. சம்பளக்காரருக்காவது மெடிக்கல் லீவ் இருக்கிறது. இவளுக்கு யார் லீவ் தருவது? அழகுக்காகச் செய்துகொண்டதுதானே என்ற குத்தல் வேறு, வீட்டில் ஓய்வு கேட்க விடாமல் செய்துவிடும். அழகு சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடும் கிடையாது என்பதால், ‘இன்னும் ஒரு ராத்திரி இங்கேயே இருக்கட்டும்’ என்று சொல்லவும் குடும்பம் யோசிக்கும்.

பயமுறுத்துகிறாய் என்பவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. அமெரிக்காவில் தோல் மருத்துவர்கள் கிளைன் முறையில் செய்த 15,336 பேரைப் பற்றி 1995இல் வெளியான கணக்கெடுப்பில் ஒரு சாவுகூட இல்லை. ஆனால் அது மரப்பு மருந்தில் மட்டும், அளவோடு எடுத்தவர்களின் கதை. 2000இல் கிரேசர், டி ஜாங் இருவரும் வெளியிட்ட கணக்கெடுப்பில், அங்கே 1994க்கும் 1998க்கும் இடையே பிளாஸ்டிக் சர்ஜன்கள் செய்த 4,96,245 அறுவைகளில் 95 சாவுகள். ஐயாயிரத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்று. காரணங்களில் முதலாவது, நுரையீரலை அடைத்த ரத்தக்கட்டி. விதிகள் இறுகிய பின் எண் நன்றாகவே குறைந்தது: 2001இல் வந்த இன்னொரு கணக்கில், கொழுப்பு மட்டும் எடுத்தால் 47,415இல் ஒருவர். அதே கணக்கில், தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி இறுக்கும் அறுவையையும் கூடவே செய்துகொண்டால் 3,281இல் ஒருவர். நம் ஊர் கிளினிக்குகள் ஆசைகாட்டும் ‘காம்போ பேக்கேஜ்’ இந்த இரண்டாவது எண்ணின் பக்கம் நிற்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்கிற சிக்கனம், ஆறவேண்டிய புண்ணை இரட்டிப்பாக்கும் சிக்கனம்.

‘பம்பரக் கண்ணாலே’ படத்தில் நடித்த ஆர்த்தி அகர்வால் 2015 ஜூனில் நியூ ஜெர்சியில் இறந்தபோது அவருக்கு வயது 31. சில வாரங்களுக்கு முன் கொழுப்பு உறிஞ்சும் அறுவை செய்துகொண்டிருந்தார், மூச்சுத் திணறல் இருந்தது என்று செய்திகள் வந்தன. 2022 மே மாதம் பெங்களூரில் கன்னட நடிகை சேதனா ராஜ் 21 வயதில், கொழுப்பு நீக்கும் அறுவைக்குச் சேர்ந்த அன்றே இறந்தார். அலட்சியம் என்று பெற்றோர் குற்றஞ்சாட்டினார்கள். இந்தச் சாவுகளுக்குக் காரணம் இதுதான் என்று தீர்ப்பெழுத நான் வரவில்லை. நான் கவனித்தது நம் பேச்சை. இரண்டாவது செய்தியைக் கேட்டவர்கள் டாக்டரைத் திட்டினார்கள். முதல் செய்திக்கு, ‘ஆபரேஷன் ஆகித்தான் வாரக்கணக்காயிற்றே, அதற்கும் இதற்கும் என்ன?’ என்றார்கள். வீட்டுக்கு வந்த சாயங்காலத்தோடு அறுவை முடிந்துவிட்டதாக நம்புகிற மனம் அப்படித்தான் கேட்கும்.

ஆறு வாரம் கழித்து உடையைக் கழற்றினாலும் முடிவதில்லை. தொட்டால் கட்டிகட்டியாக, பலகை போல இறுகியிருக்கும் இடங்கள் இளகவும், நரம்பு திரும்புகையில் வரும் அரிப்பு அடங்கவும், கண்ணாடியில் உண்மையான உருவம் தெரியவும் மூன்று முதல் ஆறு மாதம். அதற்கு முன்பே, ‘ஒரு பக்கம் மேடாக இருக்கிறது, மறுபடி எடுங்கள்’ என்று ஓடுகிறவர்கள் வீக்கத்தின்மேல் அறுவை கேட்கிறார்கள். அப்புறம் அந்த இன்னொரு நம்பிக்கை: எடுத்த கொழுப்பு திரும்பாது. கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டதைப் பார்க்கலாம். பருமன் இல்லாத பெண்களிடம் தொடையிலும் அடிவயிற்றிலும் எடுத்த கொழுப்பு ஒரு வருடத்துக்குள் மொத்த அளவில் திரும்பிவிட்டது. தொடைக்கு இல்லை, வயிற்றுப் பக்கத்துக்கு. பிரேசிலில் 2012இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பின் உடற்பயிற்சி செய்யாத பெண்களுக்குக் குடலைச் சூழ்ந்த உள்கொழுப்பு சுமார் பத்து சதவீதம் ஏறியது. பயிற்சி செய்தவர்களுக்கு ஏறவில்லை. சர்க்கரைக்கு நல்லது என்று விற்பவர்களுக்கு 2004இலேயே செயின்ட் லூயிஸ் மருத்துவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள்: பருமனான 15 பெண்களிடமிருந்து ஆளுக்குப் பத்துக் கிலோ அளவுக்குக் கொழுப்பை எடுத்தும், சில மாதம் கழித்து இன்சுலின் வேலைசெய்யும் விதத்திலோ ரத்த அழுத்தத்திலோ கொலஸ்ட்ராலிலோ முன்னேற்றம் இல்லை. நடைப்பயிற்சியைத் தவிர்க்கத்தான் பணம் கட்டினேன் என்பவர், கட்டிய பணத்தைக் காப்பாற்றவே நடக்க வேண்டியிருக்கிறது.

லிப்பிடீமா போன்ற நோயில் வலியோடு பெருக்கும் கால்களுக்கு இந்த அறுவை உண்மையான நிவாரணம் தருகிறது. சொந்த விருப்பத்துக்காகச் செய்துகொள்கிறவர்களையும் நான் கேலி செய்யவில்லை, உடம்பு அவர்களுடையது. ஆறு வாரத்தையும் ஆறு மாதத்தையும் விலைப்பட்டியலில் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கிளினிக்குகளைக் கேட்கிறேன்.

சொல்கிறவர்கள் இல்லாமல் இல்லை. முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கல்யாணப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாவிடம், ‘இப்போது செய்தால் தைத்து வைத்த ஜாக்கெட்டே ஏறாது, வீக்கம் வடியாது, கல்யாணம் முடிந்து ஆறு மாதம் கழித்து வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அம்மா படியிறங்கியதும் மகளிடம் சொல்கிறார்: ‘இந்த டாக்டருக்கு அவ்வளவு அனுபவம் பத்தாது போல. அந்த இன்னொரு கிளினிக் நம்பரைப் போடு.’