போப்பாண்டவர் தடைக்கல்லா?

"இத்தாலிய ஒற்றுமைக்குப் போப்பாண்டவர் தடையாக இருந்தார்" என்று வரலாற்றுத் தேர்வில் ஒரே வரியில் எழுதி முழுப் புள்ளி வாங்கியவன் நான். இப்போது அந்த வரி உறுத்துகிறது.

1846இல் பதவியேற்ற ஒன்பதாம் பயஸ், அரசியல் கைதிகளுக்கு மன்னிப்பு வழங்கினார். தேசியவாதிகள் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். 1848 ஏப்ரல் 29ஆம் தேதி, ஆஸ்திரியா மீது போர் தொடுக்க மாட்டேன் என்று அவர் அறிவித்ததும் கொண்டாட்டம் வசையாக மாறியது. ஆனால், ஆஸ்திரியர்களும் கத்தோலிக்கர்கள்தானே? சமயத் தலைவர், நாட்டின் மன்னர் என இரண்டு நாற்காலிகளில் ஒருவரே அமர்ந்ததுதான் கோளாறு. அவர் மறுத்ததை நான் குறை சொல்லமாட்டேன்.

என் கோபமெல்லாம் அடுத்து நடந்ததில்தான். அந்த ஆண்டு நவம்பரில் அவர் ரோமிலிருந்து தப்பிச் சென்றார். மக்கள் அமைத்த ரோமக் குடியரசை 1849இல் பிரெஞ்சுப் படை கவிழ்த்த பிறகே அவருடைய ஆட்சி மீண்டது. அந்நியத் துப்பாக்கி காத்த அரியணை அது! 1870இல் பிரஷ்யாவுடன் போர் மூண்டு பிரெஞ்சுப் படை திரும்பிப் போனது. செப்டம்பர் 20ஆம் தேதி இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்தது.

தம்மைக் கைதி என்று சொல்லிக்கொண்டு பயஸ் வத்திக்கானுக்குள்ளேயே இருந்துவிட்டார். நாடாளுமன்றத் தேர்தலில் கத்தோலிக்கர்கள் வாக்களிக்கக் கூடாது என்பது திருச்சபையின் நிலைப்பாடு. இழந்தது அவருடைய நிலம். விலை கொடுத்தவர்களோ அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்ட சாதாரண பக்தர்கள். என் பாடக்குறிப்பில் அந்தத் தடையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.