ரேட் என்ன, தோழர்?

மாதச் சம்பளம் என்பது நம் அப்பாக்களின் தலைமுறைக்கு வெறும் பணமல்ல. ஊர்க்காரன் கையைப் பார்த்து நிற்காத சோறு அது. களத்துமேட்டில் அவன் அளந்து போடுவதற்குக் காத்திராமல், ஒண்ணாந்தேதி தலை நிமிர்ந்து வாங்கிய காசு. அதனால்தான் ஒரு பையன் இருக்கிற வேலையை விட்டுவிட்டு, 'ஃப்ரீலான்ஸ் பண்ணப் போறேன்' என்று வந்து நின்றால் வீட்டில் ஒப்பாரி எழுகிறது. அந்த ஒப்பாரியைப் பழைய காலத்துப் பயம் என்று சிரித்து ஒதுக்க என்னால் முடியவில்லை. நானே வங்கிக் குமாஸ்தா. சம்பளம் வருகிறது, அதனால் கவிதை எழுத முடிகிறது. இதில் ரகசியம் ஒன்றுமில்லை.

ஆனாலும் பையன்கள் போகிறார்கள், பெண்களும் போகிறார்கள். ஜவுளிக்கடையில் நின்று, கூரியர் பை சுமந்து, கால் சென்டரில் இரவெல்லாம் பேசி, ஃப்ளெக்ஸ் கடையில் கணினி பழகி, கடைசியில் டிசைனராக, போட்டோகிராபராக, எடிட்டராக, சப்டைட்டில் எழுதுபவராக, பாட்டெழுதச் சான்ஸ் தேடுபவராகத் தனித்து நிற்கிறார்கள். புத்தகத்தின் பின்னட்டையில் 'பல்வேறு வேலைகள் பார்த்தவர்' என்று ஒரு வரி போடுவார்களே, அதை வாசிக்கிற நடுத்தர வர்க்கத்து வாசகனுக்கு அது ஏதோ சாகசம் மாதிரி தெரிகிறது. நாம்தேவ் தசால் மும்பையில் டாக்சி ஓட்டினார். மனோரஞ்சன் பியாபாரி கொல்கத்தாவில் ரிக்‌ஷா இழுத்தார், பள்ளிக்கூடத்தில் சமைத்தார். அனுபவம் சேர்ப்பதற்காக யாரும் ரிக்‌ஷா இழுப்பதில்லை.

விருப்பம் பார்த்துத் தொழிலைத் தேர்ந்துகொள்ளச் சாதி விடுவதில்லை, ஒரு தொழிலிலிருந்து இன்னொன்றுக்கு மாற விடாததால் வேலையின்மைக்கே அது காரணமாகிறது என்று 1936லேயே அம்பேத்கர் வாதிட்டிருக்கிறார். அந்தக் கண்ணால் பார்த்தால், நம் வீட்டுப் பிள்ளை தனக்குப் பிடித்த தொழிலைத் தானே எடுத்துக்கொள்வது சின்ன விஷயமல்ல. ஆகவே 'போகாதே' என்று சொல்ல இந்தப் பக்கத்தை எழுதவில்லை. என்ன கூலிக்குப் போகிறாய் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஏனென்றால் சம்பளமில்லாத கலைவேலை நமக்குப் புதிதல்ல. சாவுக்கு அடி, திருவிழாவுக்கு அடி, தண்டோராவுக்கு அடி என்று பறையைத் தோளில் மாட்டிவிட்டார்கள். அதற்கு ரேட் கிடையாது. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். வர முடியாது என்று சொன்னால் அடி விழும். 'இனி அடிக்க மாட்டோம்' என்று எத்தனையோ ஊர்களில் நம் ஆட்கள் பறையைக் கீழே வைத்ததும், பிறகு அதே பறையை விடுதலையின் இசையாக மேடையேற்றியதும் ஒரே மறுப்பின் இரண்டு முகங்கள். இன்றைக்கு ஒரு கம்பெனிக்காரன் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, 'பேமென்ட் இல்ல ப்ரோ, ஆனா நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்' என்கிறான். எனக்கு அந்தக் களத்துமேடுதான் ஞாபகம் வருகிறது.

இந்தச் சந்தையில் விண்ணப்பம் கிடையாது, தேர்வு கிடையாது, இடஒதுக்கீடு கிடையாது. கைக்குக் கை மாறுகிற போன் நம்பர்தான் எல்லாம். யாருடைய மாமா ஏஜென்சியில் இருக்கிறார், யார் யாரோடு ஒரே கல்லூரியில் படித்தார்கள் என்பதிலேயே சாதி முக்கால்வாசி வேலையை முடித்துவிடுகிறது. மீதியை முடிப்பது காத்திருப்பு. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் பணத்துக்குக் காத்திருக்க, சொந்த வீடு இருக்கிறவனால் முடியும். மாசம் பிறந்தால் வாடகையும் கொடுத்து ஊருக்கும் பணம் அனுப்ப வேண்டியவன் பாதி ரேட்டுக்கு இறங்குகிறான். அவனுக்குத் திறமை கம்மி என்று பேச்சு கிளம்புகிறது!

கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சில சங்கதிகள் சொல்ல வேண்டும். சம்பள ஸ்லிப் இல்லாதவனை வங்கி ஆளாகவே மதிப்பதில்லை. ஆகவே காகிதத்தை நீங்களே உண்டாக்குங்கள். உத்யம் பதிவுக்குக் காசு இல்லை, ஆதாரும் பானும் போதும். தனி ஆளாக டிசைன் செய்து கொடுப்பவரும் அதில் குறுந்தொழில்தான். இந்தப் பதிவை வேலை எடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். 2006ஆம் வருஷத்துச் சிறுதொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டிப் பணத்தை இழுத்தடிக்க முடியாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. புகார் செய்ய இதற்கென்றே மன்றம் இருக்கிறது. பில்லில் உத்யம் எண்ணைப் போட்டு, கீழே இந்த 45 நாளையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவனுக்குப் புரியும். வரி பிடித்தம் செய்த பணத்தை அப்படியே விட்டுவிடாமல் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்குங்கள். நாலு வருஷ ரிட்டர்ன் கையில் இருந்தால் மேனேஜர் பேசுகிற தொனியே மாறும். கண்ணால் பார்க்கிறேன்.

உரிமை விஷயம் இதைவிடப் பெரிது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஃப்ரீலான்சராக எழுதிய கட்டுரையோ கதையோ எழுதியவருக்கே சொந்தம். ஆனால் ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவும் வரையச் சொன்ன ஓவியமும், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவருக்குப் போய்விடும். போட்டோகிராபர்கள் இதைத் தெரிந்துகொண்டு முதலிலேயே எழுதி வாங்க வேண்டும். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். சினிமாப் பாட்டு எழுதுகிறவர், தியேட்டருக்கு வெளியே பாட்டு ஒலிக்கும்போது தனக்கு வர வேண்டிய ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்கக்கூட முடியாது என்று 2012இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 'எல்லா உரிமையும் நிறுவனத்துக்கே' என்று நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடுகிற நம் பையனுக்கு இதை யார் சொல்வது?

கம்பெனிக்காரனை மட்டும் திட்டிவிட்டுத் தப்பித்துவிடக் கூடாது. ஏப்ரல் 14 வந்தால் போதும், போஸ்டர் வேண்டும், பேனர் வேண்டும், பாட்டு வேண்டும், வீடியோ வெட்டித் தர வேண்டும். மேடைக்காரனுக்கு அட்வான்ஸ், மைக்செட்காரனுக்கு அட்வான்ஸ், வேன்காரனுக்கு டீசல் காசு. டிசைன் செய்கிறவருக்கு மட்டும், 'நம்ம தோழர்தானே!' ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போன் போட்டு, 'தலைவர் போட்டோவ இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணுங்க தோழர்' என்பதும் நாம்தான். ஃப்ரீலான்ஸ் என்றால் ஃப்ரீயாகச் செய்வது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டிருக்கிறோம் போலிருக்கிறது. ஒருவர் தன் உழைப்பை இயக்கத்துக்குக் கொடையாகத் தருவது வேறு. அவர் தருவதற்கு முன்பே நாம் எடுத்துக்கொள்வது வேறு. கொடை என்று சொல்வதற்காவது முதலில் விலை தெரிந்திருக்க வேண்டாமா? ரேட்டைக் கேளுங்கள். அவர் சொல்லட்டும். வேண்டாம் என்பதையும் அவரே சொல்லட்டும்.

இது வெறும் பண விவகாரம் என்று நினைக்கிற தோழர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். மூன்று வருஷம் தாக்குப்பிடித்துவிட்டு நாலாவது வருஷம் மறுபடி கூரியர் பையைத் தூக்குகிற ஒவ்வொரு கலைஞரோடும், நம் சனங்களை நம் கண்ணால் பார்க்கிற ஒரு கேமரா கைமாறிப் போகிறது.

இந்த இதழின் அட்டையை வடிவமைத்த தோழர் 1,500 ரூபாய் கேட்டார். 750 முன்பணமாகவும் மீதி அச்சுக்குப் போன அன்றும் கொடுக்கப்பட்டது. அந்தப் பணத்துக்காக எட்டுப் பக்கம் குறைத்திருக்கிறோம். அடுத்த இதழிலிருந்து உள்ளே வருகிற ஓவியத்துக்கும் போட்டோவுக்கும் ஒவ்வொன்றுக்கு 300 ரூபாய். கவிதைக்கு இப்போதைக்கு இரண்டு பிரதிதான், அதைக் கவிஞனான நானே சொல்ல வேண்டியிருக்கிறது. பாக்கி வைத்திருக்கும் சந்தாதாரர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு மணியார்டர் அனுப்பலாம். வங்கிக் கணக்கு எண் பின்னட்டையில் இருக்கிறது.