ஃபில்டரைக் கழட்டினா பவர் வருமாம்!

தில்லியில ஆந்தி அடிச்சா என்ன ஆகும்னு இங்க இருக்கற நம்மாளுங்களுக்குத் தெரியும். பத்தே நிமிஷம், கொடியில காயற வெள்ளை வேட்டி காவியாயிடும். போன ஞாயித்துக்கிழமை அப்படித்தான். தங்கமணி ஏர் பியூரிஃபையர் ஃபில்டரைத் தட்டிக்கிட்டு இருக்கறப்போ பக்கத்து ஃபிளாட் பையன் வந்தான். இஞ்சினியரிங் மூணாம் வருஷம். கையில அவனே வரைஞ்ச படம்: வீட்டுலயே கட்டற ரெண்டு சீட் விமானம்.

"ஃபில்டர் எங்கடா?"

"மேல போனா காத்து சுத்தம்தானே அங்கிள்? ஃபில்டர் பவரைக் குடிச்சிடும்."

இதையே சொல்ற பெரியவங்களும் இருக்காங்க. அதான் இந்தப் பதிவு.

விமானம் மேலயே பொறக்குதா என்ன? தரையில ஊர்ந்து, முழு பவர் கொடுத்துத்தானே கிளம்பணும்? அப்போ புரொப்பெல்லரே புழுதியைக் கிளப்பி இஞ்சினுக்கு ஊட்டி விடும். பையன் போட்டிருந்தது ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ், 1352 சிசி. 5800 சுத்துல சிலிண்டர் முழுசா நிரம்பினா நிமிஷத்துக்கு சுமார் 3,900 லிட்டர் காத்து. புழுதியில இருக்கற குவார்ட்ஸ் சாதாரண எஃகை விடக் கடினம். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவுல அது உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

ஃபில்டர் பவரைக் குடிக்கும்ங்கறது முழுப் பொய் இல்லை. மோசமா வடிவமைச்சா குடிக்கும். ரெண்டாம் உலகப்போர்ல பாலைவனத்துக்குப் போன ஸ்பிட்ஃபயர் மூக்குக்குக் கீழ பெரிய வோக்ஸ் ஃபில்டரை மாட்டினாங்க, வேகம் குறைஞ்சது. அதுக்காக யாரும் ஃபில்டரே வேணாம்னு தூக்கி எறியலை. எகிப்துல அபூகிர் பராமரிப்புப் பிரிவு 1942-ல சின்னதா வேற ஒண்ணு செஞ்சது. இதுக்குப் பேர்தான் வடிவமைப்பு.

சூத்திரம் எளிசு. ஃபில்டர் பரப்பைப் பெருசாக்கு, காத்து நிதானமா நுழையும். அழுத்தம் 30 அங்குல பாதரசத்துல 1 அங்குலம் குறைஞ்சா போறது சுமார் 3 சதவீதம். ஆனா நம்ம பையன் படத்துல குழாய் வாய் எக்ஸாஸ்ட் பக்கத்துல! காத்து 30 டிகிரி கூடுதலா சூடானா அடர்த்தி சுமார் 9 சதவீதம் காலி. பவருக்காக ஃபில்டரைக் கழட்டறவன் மொதல்ல அந்த வாயைக் குளிர்ந்த பக்கம் திருப்பட்டும்.

இன்னொண்ணு, மாற்றுவழிக் கதவு. மழையில நனைஞ்சோ, பூச்சி அடைச்சோ ஃபில்டர் மூச்சு முட்டினா காத்து வர வேற வழி வேணும். தில்லி ஜனவரி மூடுபனிக் குளிர்ல கார்புரேட்டருக்குள்ள பனிக்கட்டி பிடிக்கும், சூடான காத்து வேணும். பெரும்பாலும் அந்தச் சூடான காத்து ஃபில்டர் வழியா வராது. அதனால புழுதித் தரையில சோதிச்சுப் பார்த்ததும் மூடிடணும். மறந்தா ஃபில்டர் இருந்தும் இல்லாத கதைதான்.

மும்பையில கேப்டன் அமோல் யாதவ் மொட்டை மாடியில கட்டின விமானம் 2016-ல கண்காட்சிக்கு வந்தது, 2017-ல பதிவும் ஆச்சு. படத்தை நாம எல்லாரும் ஃபார்வர்ட் பண்ணினோம். ஆனா நம்ம வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு படத்தோட வந்தா ரெண்டே பதில்தான்: "போய்ப் படிக்கற வேலையைப் பாரு", இல்லைன்னா "சூப்பர்டா கண்ணா". ரெண்டுமே அவனுக்கு உதவாது. கூட உக்காந்து "காத்து எங்கேர்ந்து எடுக்கறே, அது அடைச்சா என்ன பண்ணுவே?"ன்னு கேளுங்க. டேக்-ஆஃப்ல இஞ்சின் நின்னா கேக்க நேரம் இருக்காது.

நம்ம மூக்குக்கு மட்டும் ஆயிரக்கணக்குல பியூரிஃபையர் வாங்கறோமில்ல? :-)

பையன் படத்தைத் திருப்பி எடுத்துட்டுப் போயிருக்கான். அடுத்த ஞாயிறு வரட்டும், பார்க்கலாம்.