இடம்பெயரும் அணியும் எல்லையோர ரசிகரும்

தாம் ஆதரித்த கால்பந்து அணி வேறு ஊருக்குப் போய்விட்டால் ரசிகர் அடுத்து எந்த அணியைத் தேர்வது என்ற கேள்வி பெரும்பாலும் விளையாட்டாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஒரு கடை மூடினால் அடுத்த கடைக்குப் போவதுபோல, ஓர் அணி போனால் இன்னோர் அணிக்குப் போக வேண்டியதுதான் என்பது பொதுவான விடை. ரசிகரை நுகர்வோராகவும் அணியைச் சரக்காகவும் கொண்டால் மட்டுமே இவ்விடை பொருந்தும். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எருத்தேன்பதி போன்ற ஓர் ஊரிலிருந்து பார்க்கும்போது இதன் போதாமை தெளிவாகப் புலப்படுகிறது.

எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் ஆகிய ஊர்களில் தமிழ் அன்றாட மொழி. ஆட்சியெல்லை கேரளத்துடையது. சித்தூர் வட்டம் கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்த காலத்தில், அதை அடுத்த மலபாரும் கோயம்புத்தூரும் சென்னை மாகாணத்தில் இருந்தன. 1956ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்பு மலபாரைக் கேரளத்தோடு இணைத்தது. சித்தூருக்கும் கோயம்புத்தூருக்கும் இடையிலான கோடு மாநிலக் கோடாயிற்று. கோடு போட்டபின்பும் சந்தை, மருத்துவம், கல்வி, திருமண உறவு ஆகியவை பொள்ளாச்சியையும் கோயம்புத்தூரையும் நோக்கியே பெரிதும் நடந்துவருகின்றன.

இத்தகைய ஊரின் ரசிகர் ஓர் அணியைத் தேர்வதற்கு மூன்று அளவுகோல்கள் உள்ளன. மொழியைக் கொண்டால் சென்னையின் எப்சி. மாநிலத்தைக் கொண்டால் கேரளா பிளாஸ்டர்ஸ் அல்லது கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா. ஆனால் சென்னை 500 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. கொச்சியும் கோழிக்கோடும் தனித்தனியே 100 கிலோமீட்டருக்கு மேல். மூன்றாவது அளவுகோல் தொலைவு. மாலையில் ஆட்டம் பார்த்து அன்றிரவே வீடு திரும்ப இயலுமா என்பதே அதன் ஒரே வினா. அந்த வினாவிற்குச் சில ஆண்டுகள் மட்டும் ஒரு விடை இருந்தது. அதன் பெயர் சென்னை சிட்டி எப்சி.

சென்னை லீகில் ஆடிவந்த அந்த அணி 2016-17 பருவத்தில் ஐ லீகில் நுழைந்தது. முதற்பருவத்தில் சென்னை நேரு விளையாட்டரங்கமே அதன் இல்லம். அடுத்த பருவத்தில் பெயரை மாற்றாமலே கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கத்திற்கு இடம்பெயர்ந்தது. எருத்தேன்பதியிலிருந்து அவ்வரங்கம் 50 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவு. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸின் பயிற்சியில், 21 கோல்கள் அடித்த பெத்ரோ மான்சியின் துணையோடு, 2018-19 பருவத்தில் அவ்வணி ஐ லீக் பட்டம் வென்றது. 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று, 43 புள்ளிகளுடன் ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தியது. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் அவ்வணியில் 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது.

பின்னர் நிகழ்ந்தது வேகமான தேய்வு. பெருந்தொற்றால் 2019-20 பருவம் இடையில் நின்றது. 2020-21 பருவ ஆட்டங்கள் அனைத்தும் மேற்கு வங்கத்தில் நடத்தப்பட்டன. 2021-22 பருவப் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. முதலில் சென்னையை விட்டுக் கோயம்புத்தூருக்கு வந்த அணி, பிறகு கோயம்புத்தூரையும் விட்டுவிட்டது. இம்முறை அது போய்ச் சேர்ந்த ஊர் என்று ஒன்றுமில்லை. பட்டம் வென்ற மூன்றாவது பருவத்திற்குள் ஒரு வட்டாரம் தன் அணியை இழந்தது.

இங்கு ஓர் அறச்சிக்கலைத் தவிர்க்க இயலாது. கோயம்புத்தூர் அரங்கில் எழுந்த ஆரவாரம் ஓர் இடப்பெயர்வின் பயன். சென்னையில் அவ்வணியைப் பின்தொடர்ந்தவர்கள், சிலராயினும், தம் அணியை இழந்தே இவர்கள் பெற்றனர். எனவே வரும்போது வாழ்த்திவிட்டுப் போகும்போது மட்டும் வைவது நேர்மையாகாது. இடப்பெயர்வு தன்னளவில் குற்றமன்று. வந்த இடத்தில் அணி வேர்விடவும் கூடும். வந்தவர்களிடமும் இழந்தவர்களிடமும் யாரும் ஒரு சொல் கேட்காததே குற்றம்.

இந்நிலை கோயம்புத்தூருக்கு மட்டும் உரியதன்று. 2019இல் டெல்லி டைனமோஸ் புவனேசுவரத்திற்குப் போய் ஒடிசா எப்சி ஆனது. அதே ஆண்டில் புனே சிட்டி கலைந்து, இந்தியன் சூப்பர் லீகில் அதன் இடத்தை ஐதராபாத் எப்சி நிரப்பியது. அந்த ஐதராபாத் 2022 மார்ச் 20 அன்று கோவாவில் கேரளா பிளாஸ்டர்சைப் பெனால்டி முறையில் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. 2025இல் அதுவும் டெல்லிக்குப் பெயர்ந்து ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி ஆயிற்று. ஆறு ஆண்டுக்குள் டெல்லி ஓர் அணியை இழந்து, இன்னொரு நகரத்தின் இழப்பைத் தன் வரவாகப் பெற்றிருக்கிறது. 2022ஆம் ஆண்டுக் கோப்பை இன்று எந்நகரத்தின் நினைவு? உரிமத்தின் வழி பார்த்தால் டெல்லிக்கு உரியது. அதற்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்களின் வழி பார்த்தால் ஐதராபாத்திற்கு உரியது.

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. இந்திய லீக்குகள் பெருமளவில் அணியை ஓர் உரிமமாகக் காண்கின்றன. உரிமத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லலாம். ரசிகரோ அணியை ஒரு கூடுகையாகக் காண்கிறார்: குறிப்பிட்ட மாலை, குறிப்பிட்ட படிவரிசை, பக்கத்தில் அமரும் பழகிய முகம், திரும்பும் வழியில் நடக்கும் வாக்குவாதம். கூடுகையை யாரும் எடுத்துச் செல்ல இயலாது. கலைக்க மட்டுமே இயலும்.

தொலைக்காட்சிக் காலத்தில் தொலைவு ஒரு பொருட்டா என்ற மறுப்பு எழலாம். மான்செஸ்டருக்கும் பார்சிலோனாவுக்கும் பாலக்காட்டில் ரசிகர்கள் இருக்கிறார்கள்; உலகக் கோப்பைக் காலத்தில் கேரளத் தெருக்களில் அர்ஜென்டினா, பிரேசில் கொடிகள் பறக்கின்றன. அந்த அன்பு பொய்யன்று. ஆயினும் அது ஒருவழிப் பாதை. தொலைக்காட்சி முன் அமரும் ரசிகரின் குரல் ஆட்டக்காரரின் செவிக்கு எட்டுவதில்லை; அவர் வராவிட்டால் அரங்கில் ஓர் இருக்கையும் காலியாவதில்லை. அருகிலுள்ள அணியின் ரசிகர் கணக்கில் உள்ளவர். அணி போகும்போது அவர் இழப்பது காட்சியை மட்டுமன்று, கணக்கில் இருந்த நிலையையும்தான். எல்லையோரத் தமிழருக்கு இது கூடுதல் பொருளுடையது. சென்னையின் அணிக்கு அவர் வேறு மாநிலத்தார். கொச்சியின் அணிக்கு அவர் வேறு மொழியார். கோயம்புத்தூர்ப் படிவரிசையில் அவர் எதையும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே புதிய அணியை எவ்வாறு தேர்வது? உலக அனுபவம் ஒரு வலுவான விடையைத் தருகிறது. இலண்டனின் விம்பிள்டன் கழகம் மில்டன் கீன்சுக்குப் பெயர 2002இல் இசைவு அளிக்கப்பட்டபோது, ரசிகர்கள் வேறு அணியைத் தேடவில்லை. பொதுப் புல்வெளியில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து ஏஎப்சி விம்பிள்டன் என்ற புதுக் கழகத்தைத் தொடங்கினர். அது கீழ்நிலை லீக்குகளிலிருந்து படிப்படியாக ஏறி 2011இல் இங்கிலாந்தின் முதல் நான்கு நிலைகளுக்குள் நுழைந்தது. 2020 நவம்பரில் பிளவ் லேனில் கட்டிய புதிய அரங்கிற்குத் திரும்பியது. பெயர்ந்துபோன கழகம் பழைய கோப்பைகளின் மீதான உரிமையை 2007இல் விட்டுக்கொடுத்து, அவற்றை விம்பிள்டன் அமைந்துள்ள மெர்ட்டன் பகுதிக்கு ஒப்படைத்தது. வரலாறு உரிமத்தோடு போவதில்லை, ஊரோடு இருக்கிறது என்ற கோட்பாடு அங்கே நடைமுறையில் ஏற்கப்பட்டது.

இதை அப்படியே எருத்தேன்பதிக்குப் பொருத்த இயலாது. அங்கே இலண்டனின் மக்கள்தொகையும் இல்லை, பணமும் இல்லை. 2024இல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளத்தின் ஆறு அணிகளில் பாலக்காட்டிற்கு ஒன்றும் இல்லை. ஆனால் விம்பிள்டன் கற்பிக்கும் பாடம் கழகம் தொடங்குவது பற்றியது மட்டுமன்று. ரசிகர் கூட்டம் அணிக்கு மூத்தது என்பதே அதன் சாரம். கேரளமும் இதை அறியும். 1997இல் தோன்றிய எப்சி கொச்சின் 2002இல் முடிந்தது. வீவா கேரளா, 2011இல் சிராக் யுனைடெட் கேரளா எனப் பெயர் மாறி, மறு ஆண்டே மறைந்தது. 2014இல் கேரளா பிளாஸ்டர்ஸ் வந்தபோது கொச்சி அரங்கை நிறைத்த கூட்டம் அன்று பிறந்ததன்று. சந்தோஷ் கோப்பையிலும் மலபாரின் செவன்ஸ் ஆட்டங்களிலும் வளர்ந்து காத்திருந்த கூட்டம் அது.

எனவே அணியை இழந்த ரசிகர் முதலில் காக்க வேண்டியது கூட்டத்தை. எந்தப் பெரிய அணியின் சட்டையை அணிவது என்பது இரண்டாவது வினா. அதற்கு மொழியோ மாநிலமோ நட்போ எது வழிகாட்டினாலும் தவறில்லை. அறுவடை முடிந்த வயலிலோ பள்ளி மைதானத்திலோ நடக்கும் செவன்ஸ் போட்டிக்கு ஒன்றாகப் போவதும், மாவட்ட லீகில் ஆடும் உள்ளூர்க் கழகத்திற்குப் பத்துப் பேராகச் சேர்ந்து குரல் கொடுப்பதும் பெரிய அணிக்குக் காட்டும் விசுவாசத்தைவிடத் தாழ்ந்தவை அல்ல. உரிமம் என்று ஒன்று இல்லாத அணியை யாரும் விற்றுக் கொண்டுபோக இயலாது.

எல்லாச் சுமையையும் ரசிகர் தலையில் ஏற்றுவதும் நியாயமன்று. செருமனியில் 1998 முதல், சில விலக்குகள் நீங்கலாக, கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி உள்ளது. இந்தியாவில் அவ்வளவு தொலைவு உடனே செல்ல இயலாது போகலாம். ஆனால் இடப்பெயர்வுக்கு ஒரு பருவம் முன்னரே அறிவிப்பு, உள்ளூர் ரசிகர் அமைப்புகளைக் கேட்டறிதல், பெயரும் வண்ணமும் பட்டங்களும் பழைய ஊருக்கே உரியவை என்ற உறுதி ஆகிய மூன்றையும் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் உரிம நிபந்தனைகளாக்க இயலும். ரசிகர் குரலுக்கு இங்கே வலிமையில்லை என்பதும் உண்மையன்று. 2020 இணைப்பிற்குப் பின் மோகன் பகானின் பெயருக்கு முன்னே ஒட்டப்பட்ட ஏடிகே என்ற மூன்றெழுத்து, ரசிகர்களின் இடைவிடாத எதிர்ப்புக்குப் பின் 2023இல் நீக்கப்பட்டது.

மோகன் பகானுக்கு 1889 முதல் திரண்ட வரலாறு துணைநின்றது. கோயம்புத்தூரின் சென்னை சிட்டிக்கு வாய்த்தவை சில பருவங்களே. சில பருவங்களின் ரசிகருக்கும் நூற்றாண்டின் ரசிகருக்கும் ஒரே உரிமை உண்டு என்று விதி சொல்லும் நாள்வரை, எல்லையோர ஊரொன்றின் இளைஞர் அடுத்த அணியைத் தயக்கத்தோடுதான் தேர்வார். அத்தயக்கத்தைப் பற்றின்மை என்று குறைசொல்வது தகாது. அதற்குக் காரணமான விதிகளையே மாற்ற வேண்டும்.