காற்றுக்கும் வேலியா?

"நிலத்துக்கு மேலே உள்ள காற்றும் எங்களுடையது, மூலையைத் தாண்டுவதும் அத்துமீறல்தான்" என்று வாதாடினார்கள் அமெரிக்காவின் வயோமிங் மாநிலப் பெருநிலக்காரர்கள். அங்கே நிலம் சதுரங்கக் கட்டமாய்க் கிடப்பது ஏன்? 19ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை போட, ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைலாக அரசு கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்தது. மீதிக் கட்டங்களில் பெரும்பாலானவை இன்றும் பொதுச்சொத்து. 2021இல் அங்குள்ள எல்க் மலையில் வேட்டைக்காரர்கள் நால்வர், தனியார் மண்ணில் கால் படாமல், இரண்டு பொதுநிலக் கட்டங்கள் தொடும் மூலையை ஏணி போட்டுக் கடந்தார்கள். அதனால் பக்கத்து நில உரிமையாளருக்கு எழுபது லட்சம் டாலருக்கு மேல் நஷ்டமாம்! மிதிபடாத புல்லுக்கா அந்த விலை? ஊரார் நிலத்தைத் தனக்கென அனுபவித்த வசதிக்குத்தான். பொதுநிலத்தை அடைத்து மறிக்கக் கூடாதென்று 1885லேயே சட்டம் போட்டாயிற்று. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை வைத்தே வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நில உரிமையாளரின் மனுவை ஏற்க மறுத்துவிட்டது.