கேட்டல் என்னும் சடங்கு

தமிழில் ‘கேள்’ என்னும் வினைக்கு இரண்டு வேலைகள் உண்டு. வினவுவதும் கேட்டல்தான், செவிமடுப்பதும் கேட்டல்தான். வினவியவன் விடைக்குக் காது கொடுத்தே ஆகவேண்டும் என்ற அறம் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே பொதிந்திருப்பதாக நாங்கள் நினைப்பதுண்டு. நம் அலுவலகத் தமிழோ ‘கருத்துக் கேட்பு’ என்றொரு தொடரை உண்டாக்கி அந்தச் சொல்லை நடுவே பிளந்துவிட்டது. வினவுதல் நடக்கிறது, செவிமடுத்தல் நடப்பதில்லை. மனுக்கள் வாங்கப்படுகின்றன, எண்ணிடப்படுகின்றன, கோப்பில் சேர்கின்றன. பிறகு அரசிதழில் அறிவிக்கை வருகிறது. இரு அமைப்புகளை ஒன்றாக்கும்போது அவற்றில் குடியிருப்போரை எப்படிக் கேட்கவேண்டும் என்பது குறித்தே இங்கே பேச விரும்புகிறோம்.

சிறியதிலிருந்து தொடங்குவோம். அடுத்தடுத்த இரண்டு தெருக்களில் இரண்டு குடியிருப்போர் நலச் சங்கங்கள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டும் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவானவை. ஒன்றில் நாற்பது வீடுகள், மற்றதில் அறுபது. ஒன்றிடம் ஆழ்துளைக் கிணறும் வங்கியில் கொஞ்சம் பணமும் உண்டு. மற்றதிடம் கடன் உண்டு. இவை இணைய விரும்பினால் இரண்டு சங்கங்களின் பொதுக்குழுவும் தனித்தனியே கூடிச் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். நிறுவனங்களின் உலகுக்குப் போனால் விதி இன்னும் இறுக்கமானது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, இணைப்புத் திட்டத்துக்குப் பங்குதாரரும் கடன் கொடுத்தோரும் மதிப்பில் முக்கால் பங்கு ஆதரவு தரவேண்டும். அதற்குப் பிறகும் தீர்ப்பாயத்தின் ஒப்புதல் தேவை. 2023இல் திருத்தப்பட்ட பல்மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்படி, ஒரு கூட்டுறவுச் சங்கம் பல்மாநிலச் சங்கம் ஒன்றோடு இணைய, கூட்டத்துக்கு வந்து வாக்களிக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினர் இசையவேண்டும்.

அதாவது, பணம் போட்டவனைக் கேட்காமல் இந்த நாட்டில் இணைப்பு இல்லை. வாழ்வையே போட்டவனைக் கேட்காமல் மட்டும் இணைப்பு உண்டு. பல்லாயிரம் பேர் வாழும் ஓர் ஊராட்சியை நகராட்சியோடு இணைக்க அவ்வூராரின் வாக்கெடுப்பு எதுவும் தேவையில்லை. அரசியலமைப்பின் 243கியூ பிரிவு, ஓர் இடத்தை நகர்ப்புறமாக அறிவிக்குமுன் ஆளுநர் கருதவேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது: மக்கள்தொகை, அதன் அடர்த்தி, உள்ளாட்சி வருவாய், வேளாண்மை சாராத தொழிலில் இருப்போரின் விழுக்காடு, பொருளாதார முக்கியத்துவம். இவை போக, பொருத்தமெனத் தோன்றும் பிற காரணிகள். இந்தப் பட்டியலில் எல்லாம் இருக்கிறது, அங்கே இருப்பவர்களின் விருப்பம் மட்டும் இல்லை. ‘பிற காரணிகள்’ என்ற மூட்டைக்குள் அதையும் வைத்திருக்கலாம். வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் நடந்தது இதற்குச் சான்று. 16 மாநகராட்சிகளையும் 41 நகராட்சிகளையும் விரிவாக்கும் திட்டம் வெளியானது. அவற்றோடு இணையவிருந்த ஊராட்சிகள் ஏறத்தாழ 300. அதே ஜனவரி 5ஆம் தேதியோடு, தருமபுரி உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. புதிய தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஊரின் பெயரால் பேச உரிமை பெற்றவர் நாற்காலியிலிருந்து இறங்கும் வேளையில், ஊரின் தலைவிதி குறித்த கேள்வி வந்து சேர்ந்தது. பல மாவட்டங்களில் மக்கள் கிராம சபைகளில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள், ஆட்சியர் அலுவலகங்களுக்கு மனுக்களோடு போனார்கள். ஆட்சேபணை மனு தர வழி இருந்தது உண்மை. ஆனால் ஆட்சேபணை மனு என்பதே முடிவு முன்னால் நடக்க, மக்கள் பின்னால் ஓடுகிற ஏற்பாடு. நாள் குறித்துப் பத்திரிகை அச்சிட்டு, பந்தலும் போட்டபிறகு பெண்ணின் சம்மதம் கேட்பதற்கு நம் ஊரில் என்ன பெயர் சொல்வார்களோ அதே பெயர் இதற்கும் பொருந்தும்.

இதில் ஓர் ஊர் இழப்பது என்ன? வரி கூடும் என்பது எல்லோரும் சொல்லும் பதில். பொய்யில்லை. 2022 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்துவரி 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஊரகத்துக்கு மட்டுமே உரிய வேலை உறுதி போகும் என்பது அடுத்த பதில். வயதான பெண்களுக்குக் கையில் கொஞ்சம் காசு தந்தது அந்த வேலைதான் என்பதால் இது அற்பமான கவலை ஆகாது. ஆனால் எங்கள் பார்வையில் பெரிய இழப்பு வேறொன்று. இணைந்த மறுநாளே அந்த ஊரின் கிராம சபை இல்லாமல் போகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை, வாக்காளர் ஒவ்வொருவரும் உறுப்பினராக அமரக்கூடிய அவை அது. வரவுசெலவுத் திட்டத்துக்கும் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் தரும் அதிகாரத்தைத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதற்கு வழங்கியிருக்கிறது. நகரத்தில் 2022ஆம் ஆண்டின் விதிகளால் பகுதி சபைகளும் வார்டு குழுக்களும் வந்திருப்பது நல்லதே. ஆனால் வார்டு குழுவில் மக்களுக்காக அமர்பவர்கள் நியமனத்தால் வருபவர்கள். அதைக் கிராம சபைக்கு ஈடாகச் சொல்வது, வீட்டைக் கொடுத்துவிட்டுத் திண்ணையை வாங்கிக்கொள்வது போன்றது.

எங்கள் நல்லம்பள்ளிப் பக்கத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். வாரச்சந்தை கூடும் ஊர். சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையில், தருமபுரிக்கும் தொப்பூருக்கும் இடையே இருக்கிறது. தருமபுரி நகரம் அதியமான்கோட்டைப் பக்கமாக நெடுஞ்சாலையோடு நீண்டுகொண்டே வருகிறது. மனைப்பிரிவுகளின் கொடிகள் அதற்கு முன்னால் ஓடிவருகின்றன. நாளை ஒருநாள் இங்கும் இணைப்பு என்ற சொல் ஒலிக்கலாம். அப்போது எங்களை எப்படிக் கேட்பீர்கள் என்று இன்றே கேட்டுவைப்பது முறை.

இதற்கு வழக்கமாக மூன்று மறுப்புகள் வருவதைப் பார்க்கிறோம்.

முதல் மறுப்பு: இணைந்தால்தான் குடிநீரும் சாக்கடையும் வரும். இதற்கு விடை தருமபுரியிலேயே இருக்கிறது. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் பழுதுபட்ட இந்த வறண்ட மண்ணுக்கு, 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரியைக் கொண்டுவந்தது. அதன் குழாய்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களின் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எல்லைகளைக் கடந்து போகின்றன. அதற்காக எந்த ஊராட்சியையும் எந்த நகராட்சியும் விழுங்கவில்லை. நீரைப் பகிர எல்லையை அழிக்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எதற்கு? மறுபுறம், 2011இல் சென்னை மாநகராட்சி 42 உள்ளாட்சிகளை இணைத்து 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. பத்தாண்டு கடந்தபிறகும் இணைந்த பகுதிகள் பலவற்றில் பாதாளச் சாக்கடை முழுமையாக வந்துசேரவில்லை. இணைப்பு ஒரு வாக்குறுதி, அவ்வளவே. வாக்குறுதியை எடைபோடும் உரிமை அதை வாங்கிக்கொள்பவருக்கு வேண்டும்.

இரண்டாம் மறுப்பு: மக்களைக் கேட்டால் எதையும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மாநிலத்தில் 2006 மே மாதம் என்ன நடந்தது என்று பாருங்கள். 25 ஊராட்சிகளைப் பத்தாகக் குறைக்க மாநில அரசு முன்மொழிந்தது. திறந்தவெளியில் கூடிக் கையுயர்த்தி வாக்களிக்கும் மக்கள் அவை, அரசே எதிர்பாராதபடி, பத்து எதற்கு, மூன்றே போதும் என்று தீர்மானித்தது. 2011இல் அது நடைமுறைக்கு வந்தது. உண்மையாகக் கேட்கப்பட்டவர்கள் அரசைவிடத் துணிந்து இணைந்தார்கள். நம் நாட்டிலும் எதிர்த்திசையில் ஒரு சான்று உண்டு. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டுவது குறித்து உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் கிராம சபைகளின் முடிவைக் கோரியது. பன்னிரண்டு சபைகளும் மறுத்தன, சுரங்கம் வரவில்லை. வேண்டும் என்று சொன்ன கிளாரஸிலும் வேண்டாம் என்று சொன்ன நியம்கிரியிலும் பொதுவானது ஒன்றுதான்: சொன்னது செல்லுபடியானது.

செல்லுபடியாகாத கேட்டலுக்கும் மேலைநாட்டிலேயே உதாரணம் உண்டு. இங்கிலாந்தில் வாடகைக் குடியிருப்புகளை நடத்தும் வீட்டுவசதிச் சங்கங்கள் ஒன்றோடொன்று இணைந்து பெருத்தன. 2016இல் அஃபினிட்டி சட்டனும் சர்க்கிளும் சேர்ந்து கிளாரியன் என்றானபோது அதன் கையில் ஏறத்தாழ 1,25,000 வீடுகள் இருந்தன. 2018இல் நாட்டிங் ஹில், ஜெனிசிஸ் என்னும் இரு சங்கங்கள் இணைந்தன. அந்த நாட்டில் உள்ளாட்சி தன் வீடுகளை இன்னொருவருக்குக் கைமாற்ற வேண்டுமானால் குடியிருப்போரிடையே வாக்கெடுப்பு நடத்தவேண்டும். இரு சங்கங்கள் தங்களுக்குள் இணைந்தாலோ ‘கலந்தாலோசனை’ போதும். வாக்கு, பங்கு உறுப்பினர் என்ற சிறு வட்டத்திடமே. வீட்டுக்குள் ஒழுகும் கூரைக்குக் கீழே படுப்பவருக்குக் கருத்து உண்டு, வாக்கு இல்லை. ஆகவே இது ஏழை நாட்டின் குறை என்று யாரும் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். நிர்வாகம் எங்கே பெரிதாக ஆசைப்படுகிறதோ அங்கெல்லாம் கேட்டல் சடங்காகிறது.

மூன்றாம் மறுப்பே கனமானது. அதை நாங்கள் மதிக்கிறோம். ஊர் என்று சொல்கிறீர்களே, யாருடைய ஊர்? உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலையைப் பாடநூலில் போற்றுகிறோம். அந்தச் சபை நிலமுடைய பிராமணர்களின் சபை என்பதைத் தாழ்ந்த குரலில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். 2012 நவம்பரில் நத்தம் காலனியிலும் அருகிலிருந்த தலித் குடியிருப்புகளிலும் வீடுகள் எரிக்கப்பட்ட மாவட்டம் இது. இங்கே கிராம சபையில் ஆதிக்கச் சாதியின் பெரியவர் கையுயர்த்தியபின், அவர் நிலத்தில் கூலிவேலை செய்பவர் எதிர்த்துக் கையுயர்த்துவாரா? காலனியில் இருப்பவருக்கு ஊர்க்கட்டைவிட நகராட்சியின் முகமற்ற அலுவலகமே விடுதலையாகத் தோன்றலாம். தோன்றினால் அது நியாயமே. ஆனால் இந்த வாதம் கேட்காமல் இருப்பதற்குக் காரணமாகாது. சரியாகக் கேட்கவேண்டும் என்பதற்கே அது காரணம். கையுயர்த்தல் வேண்டாம், மறைவான வாக்குச்சீட்டு வேண்டும் என்றே இதிலிருந்து பெறப்படுகிறது. காலனியின் குரலை ஊரின் குரலுக்குள் கரைத்துவிட்டு ‘மக்கள் ஒருமனதாக’ என்று எழுதும் தீர்மானமும், அரசின் அறிவிக்கையும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை எளிது. முடிவுக்கு முன்னால் கேளுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி இருக்கும் காலத்தில் கேளுங்கள். இணையப்போகும் ஊரை மட்டுமல்ல, இணைத்துக்கொள்ளும் நகரையும் தனியே கேளுங்கள். தண்ணீரையும் குப்பைக் கிடங்கையும் பகிரப்போகும் நகரவாசியை இதுவரை எவரும் ஒப்புக்குக்கூடக் கேட்டதில்லை. வரி எவ்வளவு, எந்த ஆண்டுக்குள் எந்தக் குழாய், எந்தத் திட்டம் நிற்கும் என்ற கணக்கை, ஊரார் படித்தால் விளங்கும் தமிழில், வாக்கெடுப்புக்கு முன் வீடுதோறும் கொடுங்கள். மறைவாக வாக்கெடுங்கள். ஒரு பக்கம் மறுத்தால் இணைப்பைக் கைவிடுங்கள். சங்கத்துக்கு இருக்கும் இந்த உரிமையை ஊருக்குக் கேட்பது புரட்சி ஒன்றுமில்லை.

இவ்வளவும் செய்தால் தாமதமாகும் என்பார்கள். ஆகட்டும். ஊர் கூடித்தான் தேர் நகரும் என்று தெரிந்தவர்கள் நாம். கூடாத ஊரில் தேரை இயந்திரம் வைத்து இழுத்துவிடலாம்தான். நிலைக்கும் வந்து சேரும். ஆனால் அதற்குப் பிறகு அது யாருடைய தேர் என்ற கேள்விக்கு விடை சொல்ல அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்.