'நேராக' என்னும் சொல் மறைப்பது

'எலும்பு நேராகக் கூடிவிட்டது' என்னும் வாக்கியத்தை மறுக்கவே இப்பதிவு. தொடையெலும்பு முறிந்து, உள்ளே கம்பி செலுத்தப்பெற்றவர்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. எக்ஸ்ரேவைக் காட்டி இதைச் சொல்லும் மருத்துவர் பொய் சொல்வதில்லை. படத்தில் எலும்பு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் கோணலும் வளைவும் படத்தில் விழும், முறுக்கு விழாது. உருளைத் தண்டொன்றை அதன் அச்சிலேயே 20 பாகை திருப்புங்கள், நிழல் மாறாது. தேர்ந்த கண் சில குறிகளைக் கொண்டு ஐயுறலாம், அவ்வளவே.

தமிழ் இவ்வேறுபாட்டை நன்கறியும். கோணல், வளைவு, கூன் ஒருபுறம். முறுக்கு, திருகல், புரி மறுபுறம். கயிறு திரிப்பவர் இவற்றைக் குழப்பமாட்டார். மருத்துவமனையில் மட்டும் எல்லாம் 'நேர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

தொடையெலும்பின் தலை, தண்டின் நேர்கோட்டில் இல்லை. கழுத்து அதை உட்புறமாகவும் சற்று முன்புறமாகவும் தள்ளி நிறுத்துகிறது; பெரியவர்களில் இம்முன்திருப்பம் சராசரியாக 10 முதல் 15 பாகை. முறிவின் கீழ்த்துண்டு வெளிப்புறம் திரும்பிக் கூடினால், இடுப்பிலிருந்து கணுக்காலுக்கு இறங்கும் எடைக்கோடு முழங்காலைப் பொறுத்துப் பின்னோக்கி நகர்கிறது. உட்புறம் திரும்பினால் முன்னோக்கி. நடப்பவர் இடுப்பைத் திருப்பி ஈடுசெய்வதால் பாதம் நேராகவே தெரியக்கூடும். படியிறங்கும்போதும், குந்தும்போதும், சம்மணமிடும்போதும்தான் குட்டு வெளிப்படும். தரையில் அமர்ந்து வாழும் நாட்டில் இது சிறு குறையன்று. 'நடந்து பழகினால் சரியாகிவிடும்' என்று எனக்குத் தெரிந்த ஆய்வு மாணவர் ஒருவருக்கு ஓராண்டு முழுவதும் சொல்லப்பட்டது. கூடிய எலும்பின் முறுக்கு பழக்கத்தால் அவிழுமா?

கெர்ஹார்ட் கியூன்ட்ஷர் 1939இல் கீல் நகரில் தொடையெலும்புக்குள் கம்பி செலுத்தியபோது, அது சுழற்சியை உறுதியாகத் தடுக்கவில்லை. பின்னர் வந்த குறுக்குத் திருகாணிகள் தடுத்தன. ஆனால் திருகாணிக்குச் சரியும் பிழையும் தெரியாது. ஏற்கெனவே திரும்பியிருந்தால் அதையும் அப்படியே பூட்டிவிடும்.

'15 பாகை வரை உடல் தாங்கிக்கொள்ளும்' என்பது வழக்கமான மறுமொழி. இருக்கட்டும்; அளக்காமல் பதினைந்துக்கு உட்பட்டது என்று எப்படித் தெரிந்தது? 'முன்திருப்பம் ஆளுக்கு ஆள் மாறுபடும்' என்பார்கள். மறுகாலை அளவுகோலாகக் கொள்ளச் சொல்வதே அதனால்தான். சி.டி. ஸ்கேனின் செலவும் கதிர்வீச்சும் பற்றிய கவலை நியாயமானது. ஆயினும் முழுக்காலையும் எடுக்க வேண்டியதில்லை, இடுப்பிலும் முழங்காலிலும் சில வெட்டுப்படங்கள் போதும். அதற்கும் முன்னதாக, மயக்கம் தெளியுமுன்னரே மேசையில் முழங்காலை மடக்கி, இரு கால்களின் உள், வெளிச் சுழற்சியை ஒப்பிடலாம். இதற்குக் காசே வேண்டாம்.

சில நாள்களுக்குள் கண்டறிந்தால், ஒருமுனைத் திருகாணிகளைக் கழற்றி, காலைத் திருப்பி, மீண்டும் பூட்டலாம். கூடியபின் கண்டறிந்தால் எலும்பை அறுத்தாக வேண்டும்.

வீடு திரும்புவோரின் சுருக்க அறிக்கையில் 'அமைவு திருப்திகரம்' என்றிருக்கிறது. யாருக்குத் திருப்தி என்று அத்தொடர் சொல்வதில்லை. அவ்விடத்தில் நாம் கேட்க வேண்டியவை இரண்டு எண்கள்: வலத்தொடை எத்தனை பாகை, இடத்தொடை எத்தனை பாகை.